ஐந்தாவது வரி

சரவணா,

சௌக்கியமா, சாப்பிட்டாயா என்று ஆரம்பித்தால் அதிலேயே இரண்டு பக்கம் ஓட்டிவிடுவேன் என்று எனக்கே தெரியும். ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன். எட்டு வருஷத்துக்கு முன்னால் உன்னிடம் ஒரு பொய் சொன்னேன். நீளமான பொய் இல்லை, ஒரு சொல்தான். நீ போனில் "ஆச்சாப்பா?" என்று கேட்டாய், நான் "ஆச்சு" என்றேன். ஆகவில்லை. அந்த ஒரு சொல்லால் நீ உன் கையையே நம்பாமல் போய்விட்டாய் என்பது எனக்குப் போன புதன்கிழமைதான் உறைத்தது. உறைத்த பிறகும் வாயை மூடிக்கொண்டு இருந்தால் அது இரண்டாவது பொய் ஆகிவிடும்.

புதன்கிழமை நீ அம்மாவிடம் பேசினாய் அல்லவா, அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டுப் பக்கத்தில் வைத்திருந்தாள். நான் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். ஆபீசில் உன்னை வேறு குழுவுக்குக் கூப்பிடுகிறார்கள் என்றாய். ஆறு வருஷமாக அடுத்தவர் எழுதிய புரோகிராம்களைச் சோதித்துத் தப்புக் கண்டுபிடிக்கும் உன்னை, இனி எழுது என்கிறார்கள். ஆஸ்பத்திரிகளின் பழைய பதிவுகளைக் கட்டிப் பாதுகாக்கும் புரோகிராம். திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும். அம்மா சந்தோஷப்பட்டு ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் நீ, "வேணாம்னு சொல்லிடப் போறேம்மா. நான் எழுதினத நம்பி ஒரு கல்யாணப் பத்திரிகையே மாறிப் போச்சு. அதாவது பரவால்ல, காகிதம். இது நோயாளிங்க ரெக்கார்டு. என் கைக்கு அது ஆகாது" என்றாய். உன் குரலில் வருத்தம்கூட இல்லை. எப்போதோ முடிவான ஒரு விஷயத்தைச் சொல்கிற குரல். நான் செருப்பைத் திரும்ப மாட்டிக்கொண்டு நம் வேங்கிக்கால் ஊர் முழுக்க ஒரு சுற்று நடந்துவிட்டு வந்தேன். அம்மா எங்கே போனீர்கள் என்று கேட்டாள். தயிர் வாங்கப் போனேன் என்றேன். கையில் தயிர் இல்லை.

இந்தக் கடிதத்தை உனக்கு மெயிலில் அனுப்புகிறேன். ஒரு பிரதியை, நான் மாதாமாதம் பக்கம் கட்டிக் கொடுக்கிற அச்சகக்காரர்களின் சின்ன இதழிலும் போடப் போகிறேன். உன்னைத் திட்டியது நாலு பேருக்கு நடுவில். அதனால் இதையும் நாலு பேர் படிக்கட்டும். அவர்களும் படிப்பதால் உனக்கு நன்றாகத் தெரிந்ததையும் அங்கங்கே விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது. உனக்கே பாடம் நடத்துகிறேன் என்று நினைத்துச் சிரிக்காதே. சிரித்தாலும் பரவாயில்லை.

நீ மூன்றாம் வருஷம் படிக்கும்போது ஒரு புரோகிராம் எழுதினாய். நம் அச்சுக் கடையில் முடிந்துபோன வேலைகள், கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, கோயில் திருவிழா நோட்டீஸ் எல்லாம் கம்ப்யூட்டரில் ஆயிரக்கணக்கில் கிடந்தன. இடம் பத்தவில்லை என்று நான் புலம்பிக்கொண்டே இருப்பேன். நீ கடையின் இரண்டாவது கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டு, பழைய வேலைகளையெல்லாம் இறுக்கிக் கட்டி ஒரே கோப்பாக வைக்கிற புரோகிராமையும் எழுதிக் கொடுத்தாய். பட்டன் கிடையாது, படம் கிடையாது, கறுப்புத் திரையில் தட்டச்சு செய்துதான் அதை ஓட்ட வேண்டும். பெயர் மூட்டை. கட்டுவதற்கு ஒரு வரி, பிரிப்பதற்கு ஒரு வரி. எனக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. கடைக்கு வருகிற ஒவ்வொருத்தரிடமும் "எம் பையன் பண்ணது" என்று காட்டினேன். பாதிப் பேருக்கு அந்தக் கறுப்புத் திரையில் என்ன பார்ப்பது என்றே தெரியவில்லை. மூட்டையை நீ இன்டர்நெட்டில் எல்லோரும் எடுத்துக்கொள்ளட்டும் என்று போட்டு வைத்தாய். முகம் தெரியாத யாரோ ஒருவர் நன்றாக இருக்கிறது என்று எழுதியிருந்ததை எனக்குப் படித்துக் காட்டினாய். அன்றைக்கு உன் முகம் இருந்த மாதிரி அதற்கப்புறம் நான் பார்க்கவில்லை.

இங்கே என் பழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நான் கோப்புக்குப் பெயர் வைத்தால் பத்திரிகையின் தலைப்பு வரி முழுவதையும் வைப்பேன். தமிழிலேயே வைப்பேன். அப்போதுதான் தேடும்போது கண்ணுக்குப் படும். கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, மண்டி வைத்திருக்கிற ஏழுமலை தன் மகனுக்குப் பெண் பார்த்து முடித்ததும் நம்மிடம்தான் பத்திரிகை கொடுத்தார். சம்பந்தி வீட்டையும் இங்கேயே அடிக்கச் சொல்லி அழைத்து வந்தார். நம் பக்கத்து வழக்கப்படி மாப்பிள்ளை வீட்டுக்கு ஒரு பத்திரிகை, பெண் வீட்டுக்கு ஒரு பத்திரிகை. 'கீழ்பென்னாத்தூர் ஏழுமலை இல்லத் திருமண விழா அழைப்பிதழ் மாப்பிள்ளை வீடு' என்று ஒரு கோப்பு, அதே வரியில் கடைசியில் மட்டும் 'பெண் வீடு' என்று இன்னொன்று. இரண்டும் தயாராகி அச்சுக்குப் போகும் நேரத்தில் பெண்ணின் பெரியப்பா தவறிவிட்டார். கல்யாணம் தள்ளிப்போனது. நான் இரண்டையும் மற்ற வேலைகளோடு சேர்த்து மூட்டையில் கட்டிவிட்டு, வெளியே இருந்ததை அழித்தேன்.

அப்புறம் ஒரு மாதம் கழித்து நீ ஹாஸ்டலில் இருந்து போன் பண்ணினாய். உன் புரோகிராமில் ஒரு தப்பை நீயே கண்டுபிடித்திருந்தாய். பெயருக்கு அது நூறு இடம்தான் ஒதுக்கும், அதற்கு மேல் இருந்தால் சத்தமில்லாமல் வெட்டிவிடும் என்றாய். நூறு எழுத்து போதாதா என்று கேட்டேன். இங்கிலீஷுக்கு நூறு எழுத்து, தமிழுக்கு ஒரு எழுத்துக்கு மூன்று இடம் பிடிக்கும், கால், கொம்பு, மேலே வைக்கிற புள்ளி எல்லாம் தனித்தனியாக மூன்று மூன்று என்றாய். நீ சொன்னதும் எனக்கு நம்முடைய புள்ளிகள் மேல் கொஞ்சம் மரியாதை வந்தது. இதைச் சரிசெய்து புது மூட்டை எழுதிவிட்டேன், மெயிலில் அனுப்பியிருக்கிறேன், பழைய மூட்டை எதையும் பிரிப்பதற்கு முன்னால் இதைப் போட்டுவிடுங்கள் என்றாய். நீ அனுப்பியது நேராக ஓடுகிற புரோகிராம் இல்லை. நீ எழுதிய வரிகள். அதை அந்தந்தக் கம்ப்யூட்டரிலேயே கட்டி, ஓடும்படி ஆக்கி, இருக்க வேண்டிய இடத்தில் வைக்க வேண்டும். அதற்கு ஐந்து வரி சொன்னாய். நான் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் தமிழிலேயே எழுதிக்கொண்டேன், டார், மைனஸ், எக்ஸ் என்று ஒவ்வொன்றாக.

முதல் வரி, நீ அனுப்பிய பொட்டலத்தைப் பிரிப்பது. மூட்டை கட்டுகிற புரோகிராமே இன்னொரு மூட்டைக்குள் வந்தது எனக்கு வேடிக்கையாக இருந்தது. இரண்டாவது, அந்த ஃபோல்டருக்குள் போவது. மூன்றாவது, கன்ஃபிகர். அதைத் தட்டியதும் திரை நிறைய வரிகள் ஓடின. இது இருக்கிறதா, இருக்கிறது, அது வேலை செய்கிறதா, செய்கிறது என்று தானே கேள்வி கேட்டுத் தானே பதில் சொல்லிக்கொண்டு போனது. சமைக்க ஆரம்பிக்கும் முன் அம்மா அடுக்களையில் ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து பார்ப்பாளே, அது மாதிரி. நான்காவது, மேக். அப்போதுதான் உண்மையான கட்டுமானம். நீ எழுதிய ஒவ்வொரு கோப்பின் பெயரும் வரிசையாக வந்து போனது. எனக்குப் புரியாத வேலைதான், ஆனாலும் நம் பையன் எழுதியது இவ்வளவா என்று வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். ஐந்தாவது வரி, சூடோ மேக் இன்ஸ்டால். கட்டி முடித்ததைக் கம்ப்யூட்டரின் பொது இடத்தில் கொண்டுபோய் வைப்பது. அது பாஸ்வேர்டு கேட்டது. நான் தட்டினேன். திரையில் ஒன்றும் வரவில்லை. ஒரு எழுத்து இல்லை, புள்ளி இல்லை, நட்சத்திரம் இல்லை. பேங்க் மிஷினில்கூட நம்பர் அடித்தால் நட்சத்திரமாவது வரும். மறுபடி அழுத்தி அழுத்தித் தட்டினேன். கீபோர்டு போய்விட்டது, இல்லை கம்ப்யூட்டர் உறைந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். கடையில் இரண்டு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். நான் மவுஸை எடுத்து அந்தக் கறுப்புத் திரையை மூடிவிட்டேன்.

லினக்ஸில் பாஸ்வேர்டு அடித்தால் திரையில் எதுவும் தெரியாது, தெரியாமல் இருப்பதுதான் அதன் வழக்கம் என்று இன்றைக்கு எனக்குத் தெரியும். அன்றைக்குத் தெரியாது. தெரியாததில் தப்பில்லை. உன்னிடம் "ஒண்ணும் வரலடா" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நீ சிரித்துவிட்டு, "அப்படித்தான்ப்பா இருக்கும், அடிச்சிட்டு என்டர் தட்டுங்க" என்றிருப்பாய். அதோடு முடிந்திருக்கும். ஆனால் இந்த ஊரில் பாதி அச்சகத்துக்குக் கம்ப்யூட்டரில் பக்கம் கட்டும் டிடிபி வேலையைச் சொல்லிக் கொடுத்தவன் நான். கவுண்டரில் ஆள் நிற்கும்போது, என் பையனிடம், எழுத்தே விழ மாட்டேன் என்கிறது என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. ஐந்தில் நாலு ஆயிற்றே, முக்கால்வாசிக்கு மேல் முடிந்த மாதிரிதானே என்று மனசு சமாதானம் சொன்னது. நீ போன் பண்ணினாய். ஆச்சு என்றேன்.

அச்சுத் தொழிலில் இருப்பவர்களுக்கு நான் செய்தது என்னவென்று ஒரே வரியில் புரியும். புது பிளேட் போட்டு மேஜை மேல் வைத்துவிட்டு, மிஷினில் பழைய பிளேட்டையே வைத்து ஓட்டினேன்.

ஏழுமலை வீட்டுக் கல்யாணத்துக்கு மறுபடி தேதி குறித்தார்கள். நான் மூட்டையைப் பிரித்தேன். ஓடியது பழைய மூட்டைதான். இரண்டு கோப்புக்கும் முதல் பாதி ஒரே பெயர். நூறு இடத்தோடு வெட்டியதில் 'கீழ்பென்னாத்தூர் ஏழுமலை இல்லத் திரு' வரைக்கும் நின்று, அதற்குப் பிறகு கட்டத்துக்குள் ஒரு கேள்விக்குறி. திருமணத்தில் திரு மட்டும் மிஞ்சியது. முதலில் மாப்பிள்ளை வீட்டுப் பத்திரிகை வெளியே வந்தது, அதே பெயரில் பெண் வீட்டுப் பத்திரிகை வந்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டது. எனக்குக் கண்ணில் பட்டது ஒரே ஒரு கோப்பு. அது என்ன வகைக் கோப்பு என்று சொல்ல, பெயரின் கடைசியில் இருக்க வேண்டிய வால்கூட இல்லாததால் அது திறக்கவில்லை. நானே ஒரு வாலை ஒட்டித் திறந்தேன். ஏன் ஒன்றுதான் இருக்கிறது, ஏன் வால் இல்லை என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. பெண் வீட்டுடையதை அப்புறம் தேடிக்கொள்ளலாம் என்று, தேதியையும் முகூர்த்த நேரத்தையும் மட்டும் மாற்றி, அதையே மாப்பிள்ளை வீட்டுக்கு அடித்துக் கொடுத்துவிட்டேன்.

இதில் எனக்கு இன்னொரு வெட்கம் இருக்கிறது. நீ காலேஜ் சேர்ந்த வருஷம் லீவுக்கு வந்து கடையில் உட்கார்ந்திருந்தபோது ஒரு புரூஃபைப் பார்த்துவிட்டு, "அப்பா, இவர் பேருக்கு முன்னாடி மறைந்தனு போட்டிருக்கீங்களே, நேத்து எதிர் டீக்கடையில டீ குடிச்சிட்டு இருந்தாரே" என்றாய். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அன்றைக்கு உன்னைத் தட்டிக்கொடுத்துவிட்டு, பெரிய மனுஷன் மாதிரி நானே ஒரு விதி சொன்னேன். ஒரு எழுத்தை மாற்றினாலும் முழுப் பத்திரிகையையும் மறுபடி படிக்க வேண்டும், பெயர்களைக் கீழே இருந்து மேலே படிக்க வேண்டும், அப்போதுதான் கண் ஏமாறாது. அந்த விதியை நீ காப்பாற்றினாய். ஏழுமலை பத்திரிகையில் நான் காப்பாற்றவில்லை. படித்திருந்தால் முதல் வரியிலேயே 'எங்கள் மகள்' என்று இருந்ததைப் பார்த்திருப்பேன். உன் புரோகிராம் பழையதோ புதியதோ, தப்பே செய்திருந்தாலும், அது அச்சாகாமல் நிறுத்த வேண்டிய ஆள் நான்தான்.

ஏழுமலை பத்திரிகைக் கட்டோடு வந்தது உனக்கு மறக்காது. செமஸ்டர் லீவுக்கு வந்து நீ கடையில்தான் இருந்தாய். அவர் கத்தவில்லை. "அண்ணே, எம் புள்ள கல்யாணத்துக்கு என்ன சம்பந்தி கணக்கா மூலையில சின்ன எழுத்துல போட்டிருக்கீங்களே. இத எந்த மூஞ்ச வச்சிக்கினு ஊர்ல குடுக்கறது?" என்று கேட்டார். கூட வந்த நாலு பேரும் என்னையே பார்த்தார்கள். நான் திரும்பி உன்னைக் காட்டினேன். "இவன் எழுதின புரோகிராம்தான் எல்லாத்தையும் கெடுத்துச்சு. என் மானத்த வாங்கிட்டான்" என்றேன். நீ மெதுவாக, "அப்பா, நான் அனுப்பின புதுச போட்டீங்கல்ல?" என்று கேட்டாய். "போட்டேன்டா, அஞ்சு வரியும் போட்டேன். போட்ட அப்புறம்தான் இந்த லட்சணம்" என்றேன். நீ கம்ப்யூட்டர் பக்கம் ஓர் அடி எடுத்து வைத்தாய். "கைய வைக்காத" என்றேன். நீ கையை எடுத்துக்கொண்டாய்.

நீ போய்ப் பார்த்திருந்தால் அரை நிமிஷத்தில் உண்மை தெரிந்திருக்கும். நான் அதைத் தெரிந்தே தடுத்தேனா என்று நாலு நாளாக என்னையே கேட்டுப் பார்க்கிறேன். ஐந்தாவது வரி முடியவில்லை என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் இது நடந்தது என்று தெரியாது. ஆனால் அப்படி இருக்குமோ என்ற பயம் ஒரு மூலையில் இருந்தது. அந்தப் பயம்தான் கையை வைக்காதே என்று சொன்னது. இதற்கு மேல் நல்லவனாக என்னைக் காட்டிக்கொள்ள எனக்கு வழி இல்லை. நீ இன்னொரு கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, அந்தப் பத்திரிகையை முதலிலிருந்து அடித்து, கீழே இருந்து மேலே படித்து, சாயங்காலத்துக்குள் அவர் கையில் கொடுத்தாய். மறுநாள் மூட்டையை இன்டர்நெட்டில் இருந்து எடுத்துவிட்டாய். எடுத்ததை அம்மாவிடம்தான் சொன்னாய். நான் அந்தக் கம்ப்யூட்டரைத் துணி சுற்றி வீட்டுப் பரண் மேல் போட்டேன். பிறகு நீ வேலைக்குச் சேர்ந்தபோது, எழுதுகிற வேலை வேண்டாம், சோதிக்கிற வேலை போதும் என்று நீயே கேட்டு வாங்கிக்கொண்டாயாம். அதை நான், பையனுக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று பெருமையாக வெளியே சொல்லித் திரிந்தேன்.

வியாழக்கிழமை பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்தில் கடைப் பக்கம் வண்டி விடமாட்டார்கள் என்பதால் எப்படியும் லீவு. காலையிலேயே அந்தக் கம்ப்யூட்டரைக் கீழே இறக்கினேன். அம்மா ஏணியைப் பிடித்துக்கொண்டாள். விஷயத்தை அவளிடம் அப்போதுதான் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "என்னாங்க, அவன் ஒவ்வொரு தடவ வரும்போதும் கடைக்கு வராம வீட்டுலயே உக்காந்திருப்பானே, நான் அவனுக்கு உடம்பு அசதினு நெனச்சிக்கிட்டு இருந்தேன்" என்றாள். ஏணியை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

கம்ப்யூட்டர் ஓடியது. உள்ளே இருக்கும் சின்ன பேட்டரி செத்துப்போய்த் தேதி மட்டும் ரொம்பப் பின்னால் போயிருந்தது. நீ அனுப்பிய ஃபோல்டர் அப்படியே இருந்தது. அதற்குள் கட்டி முடித்த புது மூட்டை, நான் அன்றைக்கு மேக் அடித்த தேதியோடு. பொது இடத்தில் இருந்தது பழைய மூட்டை, அதற்கும் அஞ்சாறு மாதம் முந்திய தேதியோடு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தபோதே விஷயம் புரிந்துவிட்டது. ஆனாலும் தேதியை வைத்து மட்டும் உன்னிடம் சொல்லக் கூடாது, நிச்சயமாகத் தெரிய வேண்டும் என்று முதல் வரியிலிருந்து திரும்பச் செய்தேன். காலண்டர் தாள் கிடைக்கவில்லை, உன் மெயிலில் இருந்து பார்த்து எழுதிக்கொண்டேன். நாலாவது வரி அடித்ததும், இந்தக் கோப்புகள் வருங்காலத்தில் எழுதப்பட்டவை என்று கம்ப்யூட்டர் எச்சரித்தது. அதன் கடிகாரத்துக்கு நீ இன்னும் காலேஜே சேரவில்லை. தேதியைத் திருத்தி வைத்துவிட்டு மறுபடி அடித்தேன். ஐந்தாவது வரி பாஸ்வேர்டு கேட்டது. திரையில் ஒன்றும் விழாமலேயே, குருட்டாம்போக்கில் தட்டி என்டர் அடித்தேன். நாலைந்து வரி வந்து நின்றது. அவ்வளவுதான். மொத்தமே ஒரு டீ ஆறுகிற நேரம்.

பிறகு அந்தப் பழைய கட்டைப் புது மூட்டையால் பிரித்தேன். இந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு கோப்பு இருக்கிறது, மேலெழுத மாட்டேன், பக்கத்தில் இரண்டு என்று எண் போட்டு வைக்கட்டுமா என்று அது கேட்டது. ஆமாம் என்று தட்டினேன். இரண்டும் வந்தன, சரவணா. மாப்பிள்ளை வீட்டுப் பத்திரிகை, ஏழுமலையின் பெயர் பெரிய எழுத்தில் தலைப்பில் இருக்க, நான் போட்ட பிள்ளையார் சுழியோடு அப்படியே வந்தது. எட்டு வருஷமாகத் தொலைந்துவிட்டது என்று நினைத்தது அந்தக் கட்டுக்குள்ளேயே பத்திரமாகத்தான் இருந்திருக்கிறது. புதிதாக இரண்டு கோப்புக்கு என் வழக்கப்படி ஒரு முழம் நீளத்துக்குப் பெயர் வைத்துக் கட்டிப் பிரித்தும் பார்த்தேன். ஒரு புள்ளிகூடக் குறையவில்லை. ஃபோல்டரில் என்னென்ன மாற்றினாய் என்று நீ குறித்து வைத்த கோப்பு ஒன்று இருந்தது. அன்றைக்கு நான் திறந்தே பார்க்காதது. அதில் ஒரு வரி: 'நீளமான தமிழ்ப் பெயர்கள் இனி வெட்டுப்படாது. அப்பாவைச் சின்னப் பெயர் வைக்கச் சொல்வதை விட இது சுலபம்.' அம்மா தோளுக்குப் பின்னால் நின்று அதைப் படித்தாள். எனக்கு அழுகை வந்தது. அறுபத்திரண்டு வயசில் கீபோர்டு முன்னால் உட்கார்ந்து அழுதேன், அதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை.

வெள்ளிக்கிழமை பஸ் ஏறிக் கீழ்பென்னாத்தூர் போனேன். ஏழுமலை மண்டியில் மூட்டைகளுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். கம்ப்யூட்டர் விஷயம் அவருக்கு எவ்வளவு புரிந்தது என்று தெரியாது. தப்பு என் பையனுடையது இல்லை, என்னுடையது என்பது புரிந்தது. "அட வுடுங்கண்ணே, அந்தக் கல்யாணத்துப் பேரப் பசங்களே இஸ்கூல் போறாங்க. உங்க புள்ள ஒரே நாள்ல அடிச்சுக் குடுத்தானே, அந்தப் பத்திரிகை எங்க பீரோல இன்னும் இருக்குது. ஒரு எழுத்து தப்பு கெடையாது" என்றார். எனக்கு நிம்மதியாக இருந்தது. அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "தம்பிகிட்ட சொல்லிட்டீங்களா?" என்று கேட்டார். இன்னும் இல்லை என்றேன். "அப்புறம் எங்கிட்ட எதுக்கு மொதல்ல வந்தீங்க? நான் திட்டமாட்டேன்னா?" என்றார். சாதாரணமாகத்தான் கேட்டார். திரும்பி வரும்போது பஸ்ஸில் முழுக்க அதே கேள்விதான். சுலபமான ஆளிடம் முதலில் போய் மன்னிப்பு வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன். வீட்டுக்கு வந்ததும் உட்கார்ந்து இதை அடிக்க ஆரம்பித்தேன். சனிக்கிழமை மத்தியானம் ஆகிவிட்டது.

போனில் சொல்லியிருக்கலாம். போனில் பொய் சொல்ல எனக்கு ஒரு சொல் போதுமாக இருந்தது என்பதால் போனை நம்பவில்லை. உனக்கு யோசனை சொல்லும் தகுதி எனக்கு இந்த விஷயத்தில் இல்லை, ஆனாலும் அப்பன் என்பதால் ஒன்று மட்டும். நாளைக்கு உன் கீழ் யாராவது வேலை செய்தால், ஆச்சா என்று மட்டும் கேட்காதே. என்ன வந்தது என்று கேள். ஒன்றும் வரவில்லை என்று சொல்ல ஒருவனுக்குத் தைரியம் வரும்படி கேள். உனக்கு என் மேல் கோபம் வந்தால் வரட்டும். எத்தனை நாள் பேசாமல் இருந்தாலும் நான் அதைத் தாங்கிக்கொள்கிறேன். அம்மாவிடம் மட்டும் பேசு. அவள் உன் கட்சிதான்.

நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். ஆனால் அதற்காக அவசரப்பட்டு எதுவும் சொல்ல வேண்டாம். திங்கட்கிழமைக்கு முன்னால் உனக்குத் தெரிய வேண்டியது இதுதான். உன் தப்பை யாரும் சொல்லாமல் நீயே கண்டுபிடித்தாய். நீயே சரிசெய்தாய். எனக்கு நேரத்தோடு அனுப்பியும் வைத்தாய். அந்த வேலை உனக்குப் பிடிக்கவில்லை என்றால் வேண்டாம் என்று சொல். சென்னையில் அலைச்சல் அதிகம், சம்பளம் கம்மி, அந்தக் குழுவின் தலைவரைப் பிடிக்கவில்லை, எந்தக் காரணத்தை வேண்டுமானாலும் சொல், நான் ஏன் என்று கேட்கமாட்டேன். என் கைக்கு ஆகாது என்று மட்டும் சொல்லாதே. நீ எழுதியது கெட்டுப்போகவில்லை, சரவணா. நான்தான் அதை ஓடவே விடவில்லை.

அப்பா